கிழக்குப் பிரிவு, மேற்குப் பிரிவு

பல்லடம்
10.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை அருக்காணி எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். ஆடிக்காற்றில் வீட்டுக்குள் வந்த புழுதியைப் பெருக்கி மாளவில்லை, அது ஒன்றுதான் குறை. நீங்களும் வத்சலா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்குத் தோள்வலி குறைந்ததா?

போன வாரம் நீங்கள் போன் செய்தபோது பக்கத்து வீட்டு உஷாராணிதான் எடுத்துப் பேசினாள். என் காது உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடம் நூல் மில்லின் இரைச்சலில் நின்றதற்கு மில் கொடுத்த சீதனம் அது. எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துப் பாதி பிடித்துக்கொள்வேன். போனில் வண்டு இரைவதுதான் கேட்கிறது. அதனால் பழையபடி கடிதமே எழுதுங்கள்.

பெரியவன் இளஞ்செழியன் நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தான். "அம்மா, இந்த வருசம் என்ற காலேஜும் தம்பி காலேஜும் மோதறதில்லை. மாமா பிரிச்சுப்போட்டாங்க." அவ்வளவுதான். அது உண்மையா?

போன ஜனவரி கால்பந்தாட்டத்தில் பெரியவன் கால் பட்டுச் சின்னவன் ஜெயசீலன் முழங்கால் போனதும், ஆபரேஷனுக்கு நீங்களும் அண்ணியும் அலைந்ததும் நான் மறக்கவில்லை. கால் தேறிவிட்டது. பேச்சுதான் நின்றுபோனது. "வேணும்னேதான் அடிச்சான்" என்கிறான் சின்னவன். பெரியவன் வாயே திறப்பதில்லை. இரண்டு பேரும் டெல்லியில்தான் படிக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஏழு மாதம் ஆகிறது.

விளையாட்டில் வந்த கோபம் விளையாட்டில்தான் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கமும் கை கொடுத்தே ஆக வேண்டும் என்று நீங்கள்தானே ஒருமுறை சொன்னீர்கள்? பெரியவனுக்கு இது கடைசி வருடம். யார் யாரோடு ஆடுவது என்று எழுதுகிற பேனா உங்கள் கையில்தானே இருக்கிறது, அண்ணா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்
அருக்காணி

துவாரகா, புது டெல்லி
28.9.2025

அன்புத் தங்கை அருக்காணிக்கு,

அண்ணன் நல்லசிவத்தின் ஆசிகள். நாங்கள் நலம். உன் அண்ணிக்குத் தோள்வலி விட்டது, இப்போது அதே வலி எனக்கு வந்திருக்கிறது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், எழுத நல்ல செய்தி ஏதாவது கிடைக்கும் என்று காத்திருந்ததுதான்.

பேனா என் கையில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கல்லூரிக் கால்பந்துக் கூட்டமைப்பின் கௌரவச் செயலாளர் என்றால், மற்றவர்கள் சொல்வதை அழகான கையெழுத்தில் எழுதுகிறவன் என்று பொருள்.

பத்துக் கல்லூரிகள் இருந்தவரை தொல்லை இல்லை. ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஒருமுறை ஆடிவிடுவார்கள். இந்த வருடம் சோனிபட், ரோத்தக், மீரட், காஜியாபாத் என்று வெளியூர்க் கல்லூரிகள் ஆறு சேர்ந்து பதினாறு ஆகிவிட்டது. எல்லாரும் எல்லாரோடும் என்றால் ஆளுக்குப் பதினைந்து ஆட்டம். பருவத் தேர்வும், தீபாவளிக்குப் பின் வரும் புகையும், ஜனவரி மூடுபனியும் போக டெல்லியில் பந்து உதைக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்? அதனால் எட்டு எட்டாக இரண்டு பிரிவு. சொந்தப் பிரிவில் ஏழு ஆட்டம். எதிர்ப் பிரிவில் குலுக்கலில் வருகிற இரண்டு பேரோடு இரண்டு. கடைசியில் இரண்டு பிரிவிலும் முதலில் நிற்பவர்கள் இறுதிப் போட்டியில் மோதுவார்கள்.

எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சண்டை. யமுனைக்கு அந்தப் பக்கம் கிழக்கு, இந்தப் பக்கம் மேற்கு என்றார்கள். பஸ் பயணம் மிச்சமாகும் என்பது காரணம். இளஞ்செழியன் கல்லூரி கோல் மார்க்கெட் பக்கம், ஜெயசீலன் கல்லூரி லக்ஷ்மி நகர் பக்கம். ஆறு நடுவில் வந்துவிட்டது.

நான் வேறொரு யோசனை வைத்தேன். ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிர்ப் பிரிவில் ஒரு நிரந்தர எதிராளி இருக்கட்டும், குலுக்கல் எப்படிப் போனாலும் அந்த ஓர் ஆட்டம் வருடா வருடம் நடக்கட்டும் என்றேன். நான்கைந்து பழைய ஜோடிகளைச் சொன்னேன். அதில் நம் பையன்களின் கல்லூரிகளும் ஒரு ஜோடி. சோனிபட்காரர், "அரே நல்லசிவம்ஜி, புதுசா வந்த எங்களுக்கு யார் ஜோடி? நாங்க ஒருத்தரோட ஒருத்தர் ஆடிக்கிட்டுக் கிடக்கணுமா?" என்று கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்லியிருக்க முடியும். அதற்குள் எங்கள் தலைவர் வெங்கடராமன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்லசிவம், நீங்க சொல்றது நியாயமாத்தான் படறது. ஆனா உங்க மருமான் ரெண்டு பேரும் எந்தெந்தக் காலேஜ்னு இந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க ஓட்டுப் போடாம இருந்தா உங்களுக்கே கௌரவம்."

நான் வெளியே போய் நின்றேன். மந்திர் மார்க்கில் ஸ்கூல் பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசனை இரண்டு ஓட்டில் தோற்றது என்று பியூன் வந்து சொன்னார்.

பிறகு குலுக்கல். சீட்டுகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கி என்னையே எடுக்கச் சொன்னார்கள். இளஞ்செழியன் கல்லூரிக்குக் காஜியாபாத்தும் நொய்டாவும் வந்தன.

உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையை நிறுத்திவிடாதே.

அன்பு அண்ணன்
நல்லசிவம்

பல்லடம்
12.10.2025

அண்ணனுக்கு, அருக்காணியின் வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். நான் இங்கே நன்றாக இருக்கிறேன், தோள்வலிக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேயுங்கள், அண்ணியை விட்டு அல்ல, நீங்களே.

பதினாறு பேரை எட்டு எட்டாகப் பிரிக்கத் தெரிந்த படித்தவர்களுக்கு, ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரைச் சேர்க்கத் தெரியவில்லையா? கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அந்த ரூமுக்கு வெளியே நின்றது என் பிள்ளைகளுக்காகத்தான் என்று தெரியும்.

ஒன்று கேட்கிறேன். கணக்கில் வராத ஆட்டம் ஒன்று வைக்க முடியாதா? நம் ஊரில் மில் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மா ஆடுவார்களே, கோப்பையும் கிடையாது, புள்ளியும் கிடையாது, அந்த மாதிரி. இரண்டு கல்லூரிக்கும் நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்களா? அவர்கள் அப்பா போன பிறகு இந்த இரண்டு பேரையும் அதட்டுகிற ஆண் குரல் உங்களுடையது ஒன்றுதான்.

ஜெயசீலன் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டானாமே. காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
அருக்காணி

துவாரகா
16.11.2025

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த மாதம் டெல்லியில் அப்படி எழுத முடியாது. ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக் தெரியவில்லை. உன் அண்ணி இருமுகிறாள், நான் இருமுகிறேன், லிப்டில் ஏறுகிற எல்லாரும் இருமுகிறார்கள். காற்று சரியாகும்வரை வெளியில் எந்த விளையாட்டும் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதால், நவம்பர் ஆட்டங்களை எல்லாம் டிசம்பர் கடைசிக்கும் ஜனவரிக்கும் தள்ளி வைக்கிற வேலையில் இருக்கிறேன். இந்தக் கல்லூரிக்குத் தேர்வு, அந்த மைதானத்தில் கிரிக்கெட் என்று ஒரு கட்டத்தை நகர்த்தினால் நான்கு கட்டம் கலைகிறது.

நீ கேட்டபடி சும்மா ஆட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்து பார்த்தேன். இரண்டு பயிற்சியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். இளஞ்செழியனிடம் சொன்னேன். "செரீங்க மாமா" என்றான். ஜெயசீலனிடம் சொன்னேன். முழங்கால் வலிக்கிறது என்றான். அவன் இல்லாமல் அந்த ஆட்டம் எதற்கு? விட்டுவிட்டேன்.

நீ வருத்தப்படாதே. மழை எப்படி? பருத்திக்கொட்டை விலை ஏறிவிட்டது என்று பேப்பரில் பார்த்தேன். மாட்டை இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாயா?

அன்புடன்
நல்லசிவம்

பல்லடம்
27.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே மழை பரவாயில்லை. மாடு விற்றாகிவிட்டது. இருமலுக்குச் சுக்குப்பொடி உஷாராணி மகளிடம் அரைத்து வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஜெயசீலன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். ஏதோ மூடிய அரங்கத்துக்குள் பழகுகிறார்கள். ஓடிவந்து வலது காலால் ஒன்று, இடது காலால் ஒன்று அடிக்கிறான். "முழங்கால் இரும்பு மாதிரி இருக்குது அம்மா" என்று அவனே கீழே எழுதியிருக்கிறான்.

நீங்கள் பொய் எழுதினீர்கள் என்று சொல்ல மாட்டேன். அவன் சொன்னதைத்தான் எழுதியிருப்பீர்கள். அவன் வேறு என்னென்ன சொன்னான் என்பதை எழுதவில்லை, அவ்வளவுதானே. எழுத வேண்டாம். அவன் அப்பாவுக்கும் அந்த நாக்குத்தான்.

ஆனால் உஷாராணி மகள் உங்கள் சங்கத்துப் பட்டியலைப் போனில் எடுத்துக் காட்டினாள். மேற்கில் பெரியவன் கல்லூரி முதலாவது. கிழக்கில் சின்னவன் கல்லூரி இரண்டாவது. இரண்டு பேரும் முதலாவதாக வந்துவிட்டால் கடைசி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றுதானே ஆக வேண்டும்? அதற்கு யாருடைய ஓட்டும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். முழங்கால் வலி என்றும் சொல்ல முடியாது. கருப்பராயன் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்தேன். "யாரு ஜெயிக்கோணும்னு வேண்டுனீங்க?" என்று பூசாரி கேட்டார். "ரெண்டு பேரும்" என்றேன். "அது சாமியாலயும் ஆகாதுங்கோ" என்று சிரித்தார். கடைசி ஆட்டம்வரை இரண்டு பேரும் ஜெயித்தால் போதும் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அருக்காணி

துவாரகா
14.1.2026

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நாளைய பொங்கலுக்குக் கரும்பு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைத்தது. சுக்குப்பொடி பயன்பட்டது.

இளஞ்செழியன் கல்லூரி இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. ஜெயசீலன் கல்லூரிக்கு மீரட்டில் இருந்த கடைசி ஆட்டம் மூடுபனியால் நடக்கவில்லை. கிழக்குப் பிரிவிலிருந்து மீரட்டே வருகிறது.

நாளைக்குச் சாப்பிட வருவதாக இளஞ்செழியன் சொல்லியிருக்கிறான். ஜெயசீலனுக்கு வேலை இருக்கிறதாம்.

உடம்பைக் கவனி.

நல்லசிவம்

பல்லடம்
22.1.2026

அண்ணனுக்கு,

சுகம். சுகமா?

நடக்காத ஆட்டத்தில் ஒருவர் எப்படித் தோற்பார்? ஆட்டத்தை மீரட்டுக்கே கொடுத்துவிட்டார்கள் என்று ஜெயசீலன் எழுதியிருக்கிறான். உத்தரவில் மாமா கையெழுத்து இருக்கிறது, நானே பார்த்தேன் என்றும் எழுதியிருக்கிறான்.

இல்லை என்று எழுதுங்கள். இல்லையென்றால் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

அருக்காணி

துவாரகா
30.1.2026

அன்புள்ள அருக்காணி,

கையெழுத்து என்னுடையதுதான். பொங்கல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நாள் கிழமையில் வேண்டாம் என்று உன் அண்ணி சொன்னாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

புகையால் தள்ளிப்போன ஆட்டங்களில் ஒன்று அந்த மீரட் ஆட்டம். மதியம் அந்த மைதானம் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்ததால் காலை பத்து மணிக்கு வைத்தேன். ஜனவரியில் பத்து மணிக்கு வைக்காதே என்று என் மனசே சொன்னது. வேறு கட்டம் காலியாக இல்லை. ஜெயசீலன் கல்லூரிக்குச் சமநிலை போதும், பிரிவில் முதலிடம் வந்துவிடும். விடியும் முன்பே பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லையாம். முன்னால் போன வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொள்ள, போலீஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. கடைசியில் பையன்கள் பஸ்ஸைவிட்டு இறங்கி, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, சாலையோரமாகவே ஓடியிருக்கிறார்கள். ஜெயசீலன் அந்த ஆபரேஷன் காலோடு எல்லாருக்கும் முன்னால் ஓடினானாம். அவர்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது நடுவர் விசில் ஊதி முடித்து, காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்துக்குமேல் தாமதமானால் ஆட்டம் எதிரணிக்கு. அதுதான் விதி. மறு ஆட்டம் வேண்டும் என்று கல்லூரி விண்ணப்பித்தது. டிசம்பரில் ரோத்தக் அணி இதே மாதிரி பனியில் மாட்டிக்கொண்டு வந்தபோது, அந்த ஆட்டத்தையும் எதிரணிக்குத்தான் கொடுத்தோம். வெங்கடராமன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எனக்கும் மனசு கேக்கலை. ஆனா ரோத்தக்குக்கு ஒரு நியாயம், உங்க மருமானுக்கு ஒரு நியாயம்னு நாளைக்கு எல்லாரும் பேசுவா. நீங்க கையெழுத்துப் போடலேன்னா நான் போடறேன். ஆனா செயலாளர் ஏன் போடலைன்னு கேள்வி வரும்" என்றார். போட்டேன்.

இரண்டு நாள் கழித்து இரவில் ஜெயசீலன் இங்கே வந்தான். எங்கள் குடியிருப்பு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு என்னைக் கீழே வரச் சொன்னான்.

"மாமா, நீங்களா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா கண்ணு."

"செரீங்க."

அவ்வளவுதான். உள்ளே வா, அத்தை தோசை சுடுகிறாள் என்றேன். ஈ-ரிக்ஷாவில் ஏறிப் போய்விட்டான்.

இதோடு ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும். அதற்கு முந்தைய நாள் இளஞ்செழியன் வந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, அவிங்களுக்கு மறுபடி ஆட்டம் வைக்கச் சொல்லுங்க. பைனலை ஒரு வாரம் தள்ளி ஆடிக்கறோமுங்க. எங்க டீம்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றான்.

"முடியாது கண்ணு. விதி அப்படி."

"விதியை நீங்கதானே எழுதறீங்க?"

நீ கேட்ட அதே கேள்வி. அதை விட்டுவிட்டு, போன வருட மோதலைப் பற்றிக் கேட்டேன். ஒரு வருடமாகக் கேட்காததை அன்றைக்குத்தான் கேட்டேன். "பந்துக்குத்தானுங்க போனேன். வேற ஆளா இருந்திருந்தா கொஞ்சம் மெதுவாப் போயிருப்பேன். தம்பின்னு விட்டுக்குடுத்துட்டான்னு யாரும் சொல்லிறக்கூடாதுன்னு..." என்றான். போகும்போது, "நான் இதுக்காக வந்தேன்னு அவங்கிட்டச் சொல்லாதீங்க. அப்புறம் அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பான்" என்று சொல்லிப் போனான்.

நான் சொல்லவில்லை. என் கையெழுத்தைப் பார்த்த பிறகு நான் சொல்வதை அவன் எப்படிக் கேட்பான்?

இறுதிப் போட்டி பிப்ரவரி 15, ஞாயிறு. நீ வருவதானால் ரயில் நிலையத்துக்கு நான் வருகிறேன்.

நல்லசிவம்

பல்லடம்
5.2.2026

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இரண்டு நாள்.

வருகிறேன். உஷாராணியின் தம்பி டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை அங்கே வந்துவிடுவேன். ஆனால் ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம். ஜெயசீலனை வரச் சொல்லி நானே எழுதிவிட்டேன். காது கேட்காத கிழவி, இந்தியும் தெரியாது, உன்னை விட்டால் கூட்டிப்போக ஆளில்லை, மாமாவுக்கு அன்றைக்கு ஆபீஸ் என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அன்றைக்கு ஆபீஸ் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் மேடையில்தான் உட்கார வேண்டும். மைதானத்தில் என் பக்கத்தில் அவன்தான் உட்காருவான்.

அருக்காணி

பல்லடம்
26.2.2026

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக்கொடுத்த புளிசாதம் நாக்பூர் தாண்டியும் கெடவில்லை. உங்கள் வீட்டுக் குளிர்தான் இன்னும் எலும்பில் இருக்கிறது. கடிதம் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மேடையில் இருந்த உங்களுக்குத் தெரியாதவற்றை எழுதுகிறேன்.

ஸ்டேஷனிலும் சரி, ஞாயிற்றுக்கிழமை மைதானம் போகும்போதும் சரி, ஜெயசீலன் என் கையை விடவில்லை, சாலையைத் தாண்டும்போதெல்லாம் எலும்பு நோகப் பிடித்தான். ஆனால் மைதானத்தில் உட்கார்ந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்கு ஆட்டம் புரியாது. பெரியவன் எந்தப் பக்கம் ஓடுகிறானோ அந்தப் பக்கம் பார்ப்பேன். பாதி ஆட்டத்துக்குமேல் பெரியவனை ஒருவன் இடித்துத் தள்ளினான். கீழே விழுந்தவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். என் பக்கத்தில் சின்னவன் எழுந்து நின்றுவிட்டான், அண்ணா. வாய் திறந்திருந்தது. ஏதாவது கத்தினானா, கத்தவில்லையா, எனக்குத் தெரியாது. பெரியவன் எழுந்து நொண்டி நொண்டி ஓட ஆரம்பித்ததும் இவன் உட்கார்ந்துவிட்டான். "எதுக்குடா எந்திரிச்ச?" என்று கேட்டேன். "கால் மரத்துப்போச்சு" என்றான்.

மீரட்காரர்கள் ஒரு கோல் அடித்துக் கோப்பையை வாங்கிப் போனார்கள். பெரியவன் நேராக வேலிக்கு வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவன், நடுவில் நான். கைநீட்டினால் தொடுகிற தூரம். பெரியவன் என்னைப் பார்த்து, "முழங்கால் எப்படி இருக்குதுன்னு கேளும்மா" என்றான். வாயசைவில் பிடித்துக்கொண்டேன். திரும்பி இவனிடம் கேட்டேன். இவன் என்னைப் பார்த்து, "நல்லா இருக்குதுன்னு சொல்லும்மா. கணுக்காலுக்கு ஐஸ் வைக்கச் சொல்லு" என்றான். திரும்பி அவனிடம் சொன்னேன். அவன் "செரின்னு சொல்லு" என்றான். ஒருவன் சொன்னது மற்றவன் காதில் நன்றாக விழுகிறது. விழாதது எனக்கு மட்டும்தான். ஆனாலும் எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டுமாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் தூது சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகு பெரியவனை யாரோ கூப்பிட, போய்விட்டான்.

மறு ஆட்டத்துக்காகப் பெரியவன் உங்களிடம் வந்து நின்றதைச் சின்னவனிடம் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை. அதைப் பெரியவன் வாயால் சொல்லாமல் என் வாயால் சொன்னால், அம்மா சமாதானம் செய்யப் பார்க்கிறாள் என்று சின்னவன் நினைப்பான்.

நான் கிளம்பிய சாயங்காலம் இரண்டு பேருமே வழியனுப்ப வந்தார்கள். ஒருவன் பையைத் தூக்கினான், ஒருவன் தண்ணீர் வாங்கி வந்தான். ரயில் நகர்ந்த பிறகு கூட்டம் மறைத்துவிட்டது. அதன் பிறகு என்ன நடந்தது? நீங்கள் அவர்களோடு நின்றீர்கள் அல்லவா? எனக்காக இனிப்புத் தடவி எழுத வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள்.

அருக்காணி

துவாரகா
6.3.2026

அன்புள்ள அருக்காணி,

நாங்கள் நலம். குளிர் போய்விட்டது, உன் அண்ணி ரஜாய்ப் போர்வைகளை எல்லாம் வெயிலில் போட்டிருக்கிறாள். உன் இரண்டு காதையும் ஒருமுறை கோயமுத்தூரில் காட்டு. மறுக்காதே.

முதலில் கூட்டமைப்புச் செய்தி. அடுத்த வருட அட்டவணைக்குக் குலுக்கல் நடந்தது. இளஞ்செழியன் கல்லூரிக்குக் கிழக்குப் பிரிவிலிருந்து வந்த இரண்டில் ஒன்று ஜெயசீலன் கல்லூரி. சீட்டைப் பிரித்துப் படித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெங்கடராமன் சார் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். நவம்பரில் அந்த ஆட்டம் நடக்கும். ஜெயசீலன் ஆடுவான். இளஞ்செழியனுக்குக் குவாஹாத்தியில் ஓர் எண்ணெய் நிறுவனத்து அணியில் வேலை கிடைத்துவிட்டது, ஜூனில் போகிறான். உனக்கே எழுதுவதாகச் சொன்னான். இந்தச் செயலாளர் பொறுப்பை மார்ச்சோடு விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். வேறு ஆள் கிடைக்கும்வரை இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

இனி நீ கேட்டது. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் ரயில் போன பிறகு மூன்று பேரும் பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு மெட்ரோ பக்கம் நடந்தோம். எனக்குத் துவாரகாவுக்கு விமான நிலையம் வழியாகப் போகிற வண்டி, அது தனி வழி. அவர்கள் இரண்டு பேரும் மஞ்சள் பாதையில் ராஜீவ் சௌக் போய் மாற வேண்டும். அங்கிருந்து ஒருவன் மேற்கே, ஒருவன் கிழக்கே. "நீங்க போங்க மாமா, நேரமாச்சு" என்றான் இளஞ்செழியன். ஜெயசீலன் என் முகத்தைப் பார்க்காமல், "வர்றேனுங்க" என்றான். கேட்டில் நின்ற அந்த இரவுக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

நான் என் வழிக்குப் போகாமல் மேலே இருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்குள் நான்கு பேர் நிற்கிற இடைவெளி இருந்தது. வண்டி வந்தது. ஆபீஸ் விடுகிற நேரம், கூட்டம் தெரியும் உனக்கு. பின்னால் நின்றவர்கள் தள்ளிய தள்ளலில் இரண்டு பேரும் ஒரே கதவு வழியாக உள்ளே போய்விட்டார்கள். கதவு மூடியபோது தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். விலகி நிற்க அங்கே இடம் இல்லை.

ராஜீவ் சௌக் அடுத்த ஸ்டேஷன்தான். இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் ஒருவன் ஒரு வார்த்தை சொன்னானா என்று எனக்குத் தெரியாது. பிறகு இரண்டு பேரையும் தனித்தனியே பார்த்தேன். அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் அண்ணன்
நல்லசிவம்